சாய்தளம் எதுவரை?

(நூலகர் நாளையொட்டி, நூலகப் பணியாளர்களும் நூலக அறிவியல் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நூலகத்தையும் மாற்றுத்திறனாளியையும் சேர்த்துச் சொன்னதும் நம் எல்லோர் மனத்திலும் ஒரு வாசகர்தான் வந்து நிற்கிறார். பிரெயில் பக்கத்தில் விரல் ஓட்டிப் படிக்கும் ஒருவர், அல்லது சக்கர நாற்காலியில் வந்து நாளிதழ் புரட்டும் ஒருவர். அவருக்காகச் சில நல்ல காரியங்கள் நடந்திருக்கின்றன. கன்னிமாரா பொது நூலகத்தில் பிரெயில் பிரிவு இருக்கிறது. 2010-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டபோது பார்வையற்றோருக்கான பிரிவைத் தரைத்தளத்திலேயே அமைத்தார்கள். 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தபோதும் மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒரு பிரிவு வந்தது. இவற்றைக் கேட்டுப் பெற்றவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

இன்று நான் பேச வந்திருப்பது மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவரைப் பற்றி. வாசகர் கேட்ட புத்தகத்தை எடுத்துத் தர வேண்டியவரே சக்கர நாற்காலியில் இருந்தால்? நூற்பட்டியல் தயாரிக்கிறவருக்குப் பார்வை இல்லையென்றால்? ஆவணக் காப்பகத்தில் பழைய கட்டுகளைப் பிரித்து விவரம் எழுதுகிறவருக்குக் காது கேட்காவிட்டால்? நம் கட்டடங்களில் சாய்தளம் வாசலில் தொடங்கி வாசிப்பறையோடு நின்றுவிடுகிறது. புத்தக அடுக்கறைக்கு அது போவதில்லை, பணியாளர்களின் கழிப்பறைக்கும் போவதில்லை. வரைபடம் போட்டவர் மாற்றுத்திறனாளி இங்கே வருவார் என்று எண்ணியிருக்கிறார். இங்கே வேலை பார்ப்பார் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

எனக்குச் சிறுவயதில் போலியோ வந்தது. இடது காலில் காலிப்பர் மாட்டிக்கொண்டுதான் இத்தனை ஆண்டுகளும் நூலகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். படிப்பு முடித்த புதிதில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். பகுப்பு எண் பற்றியோ அட்டவணை விதிகள் பற்றியோ ஒரு கேள்வியும் வரவில்லை. அறை மூலையில் ஓர் ஏணி இருந்தது. அதில் ஏறி மேல் ரேக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார்கள். நான் ஏறவில்லை. கீழே நின்றபடியே, அந்த ரேக்கில் எந்தப் பொருள் சார்ந்த புத்தகங்கள் இருக்கின்றன, அவை அங்கே ஏன் தவறான இடத்தில் இருக்கின்றன என்பதைச் சொன்னேன். வேலை கிடைக்கவில்லை. அந்த நிறுவனத்தின் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. ஆனால் அந்த ஏணி ஒரு கேள்வியாக என்னோடு இருந்துகொண்டே இருக்கிறது. நூலகர் வேலை என்று நாம் எதைச் சொல்கிறோம்?

அரசுப் பணியிடங்களில் எது எந்த வகை மாற்றுத்திறனாளிக்கு ஏற்றது என்று ஒரு பட்டியல் உண்டு. மத்திய அரசு வெளியிடும் பட்டியலை மாணவர்கள் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பதவிக்கும் எதிரே சில குறியெழுத்துகள் இருக்கும். உட்காருதல், நிற்றல், நடத்தல், குனிதல், தூக்குதல், மண்டியிடுதல், தள்ளுதல், இழுத்தல், பார்த்தல், கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்று அவற்றுக்குப் பொருள். பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இருப்பதால்தான் பலருக்கு வேலை கிடைத்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒதுக்கச் சொல்கிறது. 1995 சட்டத்தில் அது 3 விழுக்காடு. ஆனால் ஒரு வேலையை உடம்பின் அசைவுகளாகப் பிரித்து எழுதும்போது எது விட்டுப்போகிறது என்று கேட்க வேண்டும். ஒரு தாளைப் பார்த்து அது எந்த ஆண்டுக்குரியது என்று ஊகிக்கும் அறிவு எந்தக் குறியெழுத்திலும் வராது. வாசகர் அரைகுறையாகச் சொன்ன தலைப்பிலிருந்து அவர் தேடும் நூலைக் கண்டுபிடிப்பதும் வராது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஆவணக் காப்பாளர் வேலைக்கான விளம்பரங்களில் 40 பவுண்டுப் பெட்டியைத் தூக்க முடிய வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இடம்பெற்று வந்திருக்கிறது. ஏறக்குறைய 18 கிலோ. காகிதம் நிரப்பிய ஒரு கன அடிப் பெட்டி கிட்டத்தட்ட அந்த எடைதான் இருக்கும். ஆகவே நிபந்தனை நியாயம் போலத் தெரிகிறது. ஆனால் அந்தப் பெட்டி வானத்திலிருந்து விழுந்ததில்லை, யாரோ ஒருவர் அந்த அளவில் செய்யச் சொன்னது. பாதி அளவில் செய்தால் பாதி எடை. கீழே நான்கு சக்கரம் வைத்த வண்டி ஒன்று இருந்தால் தூக்கவே வேண்டாம். அங்கே உள்ள ஆவணக் காப்பாளர் சங்கம் 2010-இல், உடல் ஊனமுள்ள பணியாளர்களோடு எப்படி வேலை செய்வது என்று தனியாகவே ஒரு நடைமுறைக் குறிப்பை ஏற்றுக்கொண்டது. 2019-இல் அதை விரிவாக்கி வாசகரையும் பணியாளரையும் ஒரே வழிகாட்டுதலுக்குள் கொண்டுவந்தது. தொழில் செய்கிறவர்களே கூடி, நம்மில் ஒருவர் இப்படியும் இருக்கலாம் என்று எழுதிவைத்துக்கொண்டார்கள். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸ் பெயரைச் சொல்லுவார். 1955-இல் அர்ஜென்டினா தேசிய நூலகத்தின் இயக்குநராக அவர் பொறுப்பேற்றபோது அவரால் படிக்க முடியாத அளவுக்குப் பார்வை போய்விட்டிருந்தது. 1973 வரை அந்தப் பதவியில் இருந்தார். அவருக்கு முன் அதே நூலகத்தை நடத்திய ஹோசே மார்மோல், பால் குரூசாக் இருவருக்கும் பார்வை போயிருந்தது. குரூசாக் 1885 முதல் 1929 வரை பொறுப்பில் இருந்தவர். இதை எல்லோரும் விதியின் விளையாட்டு என்று வியந்து சொல்கிறார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. போர்ஹேஸுக்குத் துணை இயக்குநர் இருந்தார். படித்துக்காட்ட ஆள் இருந்தார்கள், அவர் சொல்லச்சொல்ல எழுதிக்கொள்ளவும் ஆள் இருந்தார்கள். அவருடைய அம்மாவே பல ஆண்டுகள் அதைச் செய்தார். இயக்குநருக்கு உதவியாளர் வைத்தால் அதைப் பதவிக்கு உரிய ஏற்பாடு என்கிறோம். அதே உதவியை மூன்றாம் நிலை நூலகர் கேட்டால் சலுகை என்கிறோம். மேலே போகப்போக உடம்பால் செய்யும் வேலை குறைந்துகொண்டே வருகிறது, யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. கீழ்நிலையில்தான் ஏணி வைத்துச் சோதிக்கிறோம். மாற்றுத்திறனாளி ஒருவர் நுழைவதோ அந்தக் கீழ்நிலை வழியாகத்தான்.

நாம் இன்று யாருடைய பெயரால் கூடியிருக்கிறோமோ அவரையும் இங்கே நினைக்க வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு இளமையில் திக்குவாய் இருந்தது. கணிதம் கற்பிக்கும் ஆசிரியராகவே வாழ்க்கையைத் தொடங்கினார், பேச்சுத் தடையைப் படிப்படியாகக் கடந்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகள் நூலையும் வாசகரையும் வாசகரின் நேரத்தையும் நூலகத்தின் வளர்ச்சியையும் பேசுகின்றன. விதிகளின் வாசகத்தில் பணியாளர் இல்லை. விளக்கத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறார். எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், எவ்வளவு படித்திருக்க வேண்டும் என்றெல்லாம் அக்கறையோடு எழுதுகிறார். வகுப்பறைகளில் நாம் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்யவைத்து விளக்கத்தை விட்டுவிட்டோமோ என்று எனக்கு ஓர் ஐயம்.

சரி, நடப்புக்கு வருகிறேன். பார்வையற்ற ஒருவர் நூற்பட்டியல் தயாரிக்க முடியுமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். கணினியில் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் வைத்திருந்தார். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் ஒருவர் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய மென்பொருள் அது, யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், தமிழும் படிக்கும். அவர் அதை ஓட்டும் வேகத்தில் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. பழைய அட்டைகளிலிருந்து கணினிக்கு ஏற்றிய பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பு எங்கள் இருவருக்கும் வந்தது. எனக்குக் கண், அவருக்குக் காது.

ஒரு நாள் கூப்பிட்டார். “சார், இங்க ஒ-ள-வையார்னு படிக்குது. யாரோ தப்பா அடிச்சிருக்காங்க.” திரையைப் பார்த்தேன். ஔவையார் என்றுதான் இருந்தது. எனக்குத் தவறு தெரியவில்லை. எழுத்து எழுத்தாக நகர்த்திப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஔ என்ற ஓர் எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’ தட்டிப் பக்கத்தில் ‘ள’ தட்டியிருந்தார்கள். அச்சில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கு இரண்டும் வெவ்வேறு. வாசகர் ஒருவர் சரியான ஔகாரம் போட்டுத் தேடினால் அந்த நூல்கள் எதுவும் வராது. நூல் ரேக்கில் இருக்கும், பட்டியலில் இருக்கும், வாசகருக்கு மட்டும் இல்லை என்று பதில் வரும். எத்தனை பேர் இல்லை என்ற பதிலோடு திரும்பிப் போயிருப்பார்கள்! அந்தப் பட்டியலை அதற்கு முன் எத்தனையோ கண்கள் பார்த்திருந்தன.

அதற்குப் பிறகு வருடி எடுத்த பக்கங்களைக் கணினி எழுத்தாக மாற்றும் வேலை வந்தபோது மெய்ப்புப் பார்ப்பதில் பாதியை அவரிடமே கொடுத்தோம். தமிழில் அந்த மென்பொருள்கள் ‘ர’ எழுத்தையும் துணைக்காலையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுவிடும். ‘கால்’ என்பது ‘கரல்’ ஆகிவிடும். கண் அதைக் ‘கால்’ என்றே படித்துக்கொண்டு போகும், ஏனென்றால் நமக்கு மொழி தெரியும், நாமே திருத்திப் படித்துவிடுவோம். காது விடாது. படங்களின் விவரமும் கல்வெட்டு மசிப்படிகளின் விவரமும் என் பங்கு. அவற்றை அவரால் செய்ய முடியாது என்பதில் எங்கள் இருவருக்குமே சங்கடம் இருந்ததில்லை. வேலையைப் பிரித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

ஆனால் அவரை முழுவதுமாக முடக்கிப்போட்ட ஒன்றும் உண்டு. அலுவலகங்களில் 15, 20 ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த கோப்புகள் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. பாமினியில் ‘தமிழ்’ என்று திரையில் தெரிவதற்குத் தட்டப்படுவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். கணினியின் நினைவில் இருப்பதும் அவைதாம், தமிழாகத் தெரிவது எழுத்துருவின் வேடம். திரைவாசிப்பான் வேடத்தைப் பார்ப்பதில்லை. ஒரு முழு ஆண்டறிக்கையையும் அவர் ஜே கே பி ஓ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2010-இலேயே தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ளப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் வழிவிட்டுவிட்டது. அத்தகைய நூல்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகிலேயே முதலாவதாக உறுதிசெய்த நாடு இந்தியா. இத்தனையும் இருந்தும், பழைய கோப்புகளை மாற்றித்தர ஆளும் நேரமும் ஒதுக்காததால் ஓர் ஊழியரின் வேலைநாள் வீணாகிறது. வெறும் படமாக வருடி இணையத்தில் ஏற்றிவிட்டு மின்னூலகம் என்று சொல்லிக்கொள்கிறோமே, அதுவும் அவருக்குச் சுவர்தான்.

ஆவணக் காப்பகம் இன்னும் கடினமான இடம். அங்கே தூசியும் பூஞ்சையும் இருக்கும், பூச்சிக்கு வைக்கும் மருந்தின் நெடியும் உண்டு. ஆஸ்துமா உள்ளவர் வாய்விட்டுச் சொல்வதில்லை, சொன்னால் எங்கே ஓரங்கட்டுவார்களோ என்று முகமூடியைக் கட்டிக்கொண்டு இருமியபடியே வேலை பார்ப்பார். காம்பாக்டர் என்கிற நகரும் அலமாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடத்தை மிச்சப்படுத்த அருமையான ஏற்பாடு. அது ஓடும் தண்டவாளத்தைத் தரைக்குள் பதிக்காமல் மேலே மேடை போட்டு வைத்தால் அந்த இரண்டு அங்குலப் படி சக்கர நாற்காலிக்கு மதில். ரேக்குகளுக்கு நடுவில் 90 சென்டிமீட்டர் வழியும் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடமும் விட்டால் போதும். இவை கட்டட வழிகாட்டுதல்களில் உள்ள அளவுகள்தான். கட்டி முடித்த பிறகு கேட்டால் இடமில்லை என்பார்கள், வரைபடத்தில் கேட்டால் இடம் வரும்.

பழுதுபார்க்கும் பிரிவில் காது கேளாதவர்கள் மிகத் திறமையாக வேலை செய்வதை நான் கண்டிருக்கிறேன். உடைந்து உதிரும் தாளுக்கு இருபுறமும் சிஃபான் துணியோ மெல்லிய திசுத்தாளோ ஒட்டும் வேலை அது. கை நடுங்கக் கூடாது, அவசரப்படக் கூடாது. அவர்களைப் பாராட்டி எல்லோரும் பேசுகிறார்கள். தீ எச்சரிக்கை மணி அடித்தால் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. வாயு செலுத்தித் தீயை அணைக்கும் ஏற்பாடு உள்ள கிடங்குகளில் இது உயிர்ப் பிரச்சினை. முதலில் மணி அடிக்கும், உள்ளே இருப்பவர் வெளியேறச் சிறிது அவகாசம் இருக்கும், பிறகு கதவு அடைந்து வாயு இறங்கும். மணி மட்டும் இருந்து விளக்கு இல்லையென்றால், முதுகைத் திருப்பி நின்று கட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கும் ஊழியருக்கு அந்த அவகாசம் கிடையாது. சுழலும் சிவப்பு விளக்கு ஒன்று எவ்வளவு செலவாகிவிடும்? இந்த அவையில் காப்பக அதிகாரிகள் இருந்தால், நாளைக் காலை போய் உங்கள் கிடங்கின் கூரையைப் பாருங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே ஒரு நேர்மையான எதிர்ப்பு வரும். பெரிய நூலகத்தில் வேலையைப் பிரிக்கலாம், ஊர்ப்புற நூலகத்தில் ஒரே ஓர் ஆள்தானே, அவர் யாரோடு பிரிப்பார் என்று. உண்மைதான். ஊர்ப்புற நூலகர் கதவைத் திறந்து கூட்டிப் பெருக்கி, நாளிதழ் கட்டி, புத்தகம் கொடுத்து வாங்கி, பதிவேடு எழுதி, கட்டுக்கட்டாக வரும் புதிய நூல்களையும் இறக்கிவைக்க வேண்டும். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சில பாதிப் பதில்கள் இருக்கின்றன. ரேக்கை உட்கார்ந்தபடி கைக்கு எட்டும் உயரத்தோடு நிறுத்தலாம், அதனால் இடம் குறையும், ஆனால் குழந்தைகளுக்கும் எட்டும். மாடியில் வாடகைக்கு இயங்கும் கிளைக்கு மாற்றுத்திறனாளிப் பணியாளரை அனுப்பாமல் இருக்கலாம். கழிப்பறை இல்லாத கட்டடத்தில் யாரையுமே, குறிப்பாகப் பெண்களை, வேலைக்கு அமர்த்தாமல் இருக்கலாம். நூல் இறக்கும் நாளில் வாசகர் வட்டத்தினர் நாலு பேர் கைகொடுக்கலாம், பல ஊர்களில் அப்படிக் கொடுத்தும் வருகிறார்கள். வீட்டு வரியோடு சேர்த்து மக்கள் கட்டும் நூலக வரி இருக்கிறது. அதில் ஒரு பகுதியைப் பணியாளரின் தேவைக்கென்று ஒதுக்கினால் யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள்?

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறவியிலேயோ குழந்தைப் பருவத்திலேயோ வந்த ஊனத்தைப் பற்றி மட்டும் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். சர்க்கரை நோயால் ஐம்பது வயதில் பார்வை மங்கும் நூலகர் நம்மிடையே இருக்கிறார். பக்கவாதம் வந்து வலக்கை எழுதாமல் போனவரும் இருக்கிறார். இவர்கள் பயந்துபோய் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அரசுப் பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டவரை வேலையிலிருந்து நீக்கவும் பதவி இறக்கவும் தடைவிதிக்கிறது. பழைய வேலை முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும்வரையோ ஓய்வு வயதுவரையோ கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். தனிமனிதரின் தேவையைப் பார்த்து அதற்கேற்ற வசதியைச் செய்துதருவதும் அதே சட்டத்தில் கடமையாகவே இருக்கிறது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஒரு தேர்வர் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. கட்டடங்களையும் சேவைகளையும் எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

கடைசியாக ஒரு கோரிக்கை. நம் பணியில் இடமாறுதல் அடிக்கடி வரும். ஓர் அலுவலகத்தில் நல்ல மேலாளர் ஒருவர் அமைந்து, உயரம் குறைந்த மேசை, திரைவாசிப்பான், தரைத்தளத்தில் இருக்கை, சிகிச்சைக்குப் போகும் நாளில் நேர மாற்றம் என்று பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்திருப்பார். அடுத்த ஊருக்கு மாறியதும் அத்தனையும் போய்விடும். புதிய அதிகாரி முன்னால் மறுபடியும் காலைக் காட்டி, சான்றிதழைக் காட்டி, முதலிலிருந்து விளக்க வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு வேலை பார்ப்பவர் நிலைமை இன்னும் மோசம், அவர் ஒவ்வோர் ஊரிலும் எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது என்று தவிக்கிறார். 2014 மார்ச்சில் மத்திய அரசின் பணியாளர் துறை தன் ஊழியர்களுக்கான உதவிக் கருவிகள், பணியிடத் தேர்வில் முன்னுரிமை முதலியவற்றை ஒரு குறிப்பாணையாகவே வெளியிட்டது. அதைப்போல நம் துறையிலும் ஓர் ஆணை வர வேண்டும். அந்த ஆணையின்படி ஒரே ஒரு தாள் போதும். இந்தப் பணியாளருக்கு வேலை செய்ய இன்னின்ன ஏற்பாடு தேவை, இன்ன தேதியில் ஒப்புக்கொள்ளப்பட்டது என்று எழுதி, பணியாளரும் அதிகாரியும் கையெழுத்திட்டு, பணிப்பதிவேட்டில் சேர்க்க வேண்டும். நோயின் பெயர் அதில் வேண்டாம், தேவை மட்டும் இருந்தால் போதும். பணிப்பதிவேடு எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்கு அந்தத் தாளும் போகும். அவர் போய்ச் சேருவதற்கு முன்பே மேசையின் உயரத்தைக் குறைத்து வைத்திருக்க முடியும். சங்கப் பொறுப்பாளர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். நம் துறை இயக்குநரிடம் நீங்கள் கொடுக்கப்போகும் அடுத்த மனுவில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்துவிடுங்கள். தாளின் மாதிரியை எழுதிக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் தருகிறேன்.